நடுச்சுற்று

மஸ்கெலியா டவுனில் என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு விதம். கைக்குட்டையில் முடிந்த வாட்ச்சைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பவர்கள் ஒரு விதம். தேயிலைக் கொழுந்துச் சாக்கில் சுற்றிய தராசைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் இன்னொரு விதம். மணிக்கூட்டு வேலையும் தராசு வேலையும் எப்படி ஒரே கடையில் என்று புதிதாக வரும் கிளாக்கர்மார் கேட்பதுண்டு. எனக்கு அதில் வித்தியாசம் தெரிந்ததே இல்லை. இரண்டையும் திறந்தால் உள்ளே இருப்பது ஸ்பிரிங். வாட்ச்சில் அது சுருண்டு கிடக்கும் பட்டை, தராசில் நீண்டு சுருங்கும் கம்பி. இரண்டிடமும் நாம் கேட்பது ஒன்றுதான்: நேற்று இழுத்த மாதிரியே இன்றைக்கும் இழு.

இந்த வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மாவின் தம்பி. பழைய மஸ்கெலியாவில் கடை வைத்திருந்தவர். 1969இல் மவுசாக்கலை அணை வந்து பழைய டவுன் தண்ணீருக்குள் போனபோது, பெஞ்சையும் இரண்டு பெட்டி ஸ்பிரிங்கையும் தூக்கிக்கொண்டு மேலே புது டவுனுக்கு வந்தார். வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். அப்போதெல்லாம் மாமா கடையைப் பூட்டிவிட்டு இறங்கிப் போவார். வெடித்த சேற்றில் நின்று, "இந்தா, இங்கதான் மாப்ள என் பெஞ்சு இருந்துச்சு" என்று காலால் காட்டுவார்.

நான் 1971இல் அவரிடம் சேர்ந்தேன். எனக்கு 14 வயது. முதல் ஆறு மாதம் வாட்ச்சைத் தொட விடவில்லை. பழைய டைம்பீஸ் ஒன்றின் பேரலை, ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளைப் பெட்டியை, கையில் கொடுத்து, சாவியால் முறுக்கு, விடு, முறுக்கு, விடு என்றார். "என்ன தெரியுது?" என்று கேட்டார். "முறுக்க முறுக்க இறுகுது மாமா" என்றேன். "எல்லாச் சுத்தும் ஒரே மாதிரியா இறுகுது?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதற்குப் பதில் என் விரல்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. முதல் ஒன்றிரண்டு சுற்றில் ஸ்பிரிங் சோம்பலாக இருக்கும். கடைசிச் சுற்றில் திடீரென்று முரண்டு பிடிக்கும். நடுவில் இருக்கும் சில சுற்றுகளில் மட்டும் ஒரே சீராக இழுக்கும்.

மணிக்கூட்டுக்கு வேண்டியது அந்த நடுச்சுற்றுதான். சுவிஸ்காரரும் ஆங்கிலேயரும் நூற்றுக்கணக்கான வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதும் இதற்காகத்தான். எஃகுப் பட்டைக்குச் சீராக இழுக்கும் குணம் இயற்கையில் இல்லை. எவ்வளவு வளைக்கிறோமோ அவ்வளவு எதிர்க்கும். 1678இல் ராபர்ட் ஹூக் அச்சில் போட்ட விதி அது. சாவி கொடுத்த காலையில் பலமாகவும் மறுநாள் விடியலில் மெலிவாகவும் தள்ளுகிற ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நொடியையும் சமமாக நறுக்க வேண்டும். அதனால் பட்டையை நீளமாக்கினார்கள். நீளம் கூடினால் நடுச்சுற்றுகள் கூடும். சில நல்ல வாட்ச்சுகளில் சிலுவை வடிவத்தில் ஒரு சின்னச் சக்கரம் வைத்து, முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஓடவே விடாமல் பூட்டினார்கள்.

பேரலுக்குள் எவ்வளவு ஸ்பிரிங் வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பேரலின் உள்விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நடு அச்சு. மிச்ச இடத்தில் பாதி ஸ்பிரிங், பாதி காலி. அந்தக் காலி இடம் வீணாகக் கிடக்கிறதே என்று நான் ஒரு முறை நீளமான பட்டையைத் திணித்தேன். சாவி கூட வாங்கும், கூட நேரம் ஓடும் என்று நினைத்தேன். ஓட்டம் குறைந்துபோனது. அவிழ இடமில்லாத ஸ்பிரிங் தள்ளாது. மாமா திட்டவில்லை. பேரலைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தக் காலத்து நீல எஃகு ஸ்பிரிங்குகள் உடையும். மார்கழி, தைக் குளிரில்தான் எங்கள் கடைக்கு உடைந்தவை அதிகம் வரும். சிவனொளிபாதமலை சீசன் அப்போதுதான் களைகட்டியிருக்கும். நல்லதண்ணிப் பக்கம் போகிற பஸ்களில் சனம் நிறைந்திருக்கும். "ராத்திரி பெட்டிக்குள்ள டக்குன்னு சத்தம் கேட்டுச்சு பாஸ், காலையில பார்த்தா நிக்குது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பட்டை நடுவில் துண்டாகியிருந்தால் மாற்றுவதுதான் வழி. வெளிநுனியில் உடைந்திருந்தால் காப்பாற்றலாம். நான் நேசித்துச் செய்த வேலை அது.

நுனியில் புதிதாகத் துளை போட்டுக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஆனால் விறைத்த எஃகில் துளை இறங்காது, நொறுங்கும். ஸ்பிரிட் விளக்கில் ஓர் அங்குல நுனியை மட்டும் காட்ட வேண்டும். நீலம் முதலில் வெளிறும், பிறகு சாம்பலாகும், நுனி மட்டும் மங்கிய சிவப்புக்கு வரும். அங்கே நிறுத்தி, விளக்கை விட்டு மெல்ல மெல்லப் பின்னால் இழுத்து ஆறவிட வேண்டும். சட்டென்று எடுத்தால் மெதுவான எஃகும் விறைத்த எஃகும் ஒரு கோட்டில் சந்திக்கும். அடுத்த உடைவு அந்தக் கோட்டில்தான். சாம்பல் எங்கே முடிந்தது, நீலம் எங்கே தொடங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்திருந்தால் அந்த ஸ்பிரிங் இன்னும் பத்து வருடம் உழைக்கும். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போகப் பேர் பதிந்திருந்தவர்கள் கப்பலேறுவதற்கு முன்னால் வீட்டு டைம்பீஸைக் கொண்டுவந்து தருவார்கள். ஊர் தெரியாத ஊருக்குப் போகிறோம், இதாவது ஓடட்டும் என்பார்கள். அவற்றின் நுனிகளை மாமா என்னிடம் தராமல் தானே செய்வார்.

பிறகு வெள்ளை ஸ்பிரிங் வந்தது. பாக்கெட்டிலேயே 'உடையாதது' என்று அச்சடித்திருக்கும். துருப்பிடிக்காது, குளிரில் முறியாது, வருடக்கணக்கில் முறுக்கி வைத்தாலும் அவ்வளவாகச் சோர்ந்து போகாது. அதற்கு முன்பே பேலன்ஸ் சக்கரத்தில் இருக்கும் மயிரிழை ஸ்பிரிங்கின் குணத்தை மாற்றியிருந்தார்கள். பழைய எஃகு மயிரிழை ஒரு பாகை சூட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 நொடி மாறும். கொழும்பு வெயிலில் சரிபார்த்த வாட்ச் மஸ்கெலியாக் குளிருக்கு வந்தால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்தும். சூட்டுக்கும் குளிருக்கும் விறைப்பு மாறாத உலோகக் கலவையைக் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் கில்லோம். அவருடைய உலோகக் கலவை ஆராய்ச்சிக்காக 1920இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மணிக்கூட்டுக்காரரின் மகன் என்று மாமா அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

என் வாழ்நாளில் நான் கண்ட அழகான இயந்திரம் ஒரு தோட்டத்து ஆபீஸ் சுவரில் தொங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஆங்கில மணிக்கூடு, வட்ட முகம், மரச்சட்டம். வாரத்துக்கு ஒரு முறை சாவி. அந்த ஆபீஸ் மணியைப் பார்த்துத்தான் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சங்கு ஊதுவார்கள். சங்குக்குப் பிந்தி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. அதனால் அந்த மணிக்கூடு ஐந்து நிமிடம் முந்தினால் தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு பாதிக்கப்படும். அது முந்துகிறது, வாரக் கடைசியில் பிந்துகிறது என்று பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார். 1978 என்று நினைவு.

பின்பலகையைத் திறந்தபோது மாமா சிரித்தார். உள்ளே பியூசி. பம்பரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கூம்பு, அதைச் சுற்றிப் படிப்படியாக வெட்டிய பள்ளம், பள்ளத்தில் சைக்கிள் செயினைச் சிறு பிள்ளைக்குச் செய்த மாதிரி ஒரு செயின். செயினின் ஒரு முனை கூம்பில், மறுமுனை ஸ்பிரிங் இருக்கும் பேரலில். முழுச்சாவி கொடுத்ததும் ஸ்பிரிங் மூர்க்கமாக இழுக்கும். அந்நேரம் செயின் கூம்பின் ஒடுங்கிய உச்சியில் இருக்கும், பிடிமானம் குறைவு. நாளாக நாளாக ஸ்பிரிங் தளரும். செயின் கூம்பின் அகன்ற அடிக்கு இறங்கியிருக்கும், பிடிமானம் அதிகம். பலம் குறையும் அளவுக்கு நெம்புதூரம் கூடுகிறது. சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் விசை ஏழு நாளும் ஒன்றே. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இதைச் செய்துவிட்டார்கள்.

கோளாறு கூம்பில் இல்லை. யாரோ செயினை மாற்றும்போது பேரலின் ஆரம்ப முறுக்கைக் கணக்குப் பார்க்காமல் மாட்டியிருந்தார்கள். கூம்பு ஒரு குறிப்பிட்ட ஸ்பிரிங்கின், குறிப்பிட்ட முறுக்குக்கு வெட்டியது. அந்த முறுக்கு அரைச் சுற்று பிசகினாலும் கூம்பும் ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று பேசாது. மாமா ஒரு குடைக்கம்பியை எடுத்தார். ஒரு முனையில் சாவித்தலை, மறுமுனையில் நகர்த்தக்கூடிய ஓர் ஈயக் குண்டு. ஓட்டச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அதைக் கூம்பின் அச்சில் மாட்டினார். குண்டை நகர்த்தி, கம்பி தராசுக்கோல் மாதிரி கிடையாக நிற்கும் இடம் கண்டார். ஒரு சுற்று சுற்றினார், மறுபடி கிடையாக நிற்கிறதா பார்த்தார். பத்துச் சுற்று வரை நின்றது. மேலே போகப் போகக் குண்டு இருந்த முனை எழும்பியது. "மேல கூடுது. முறுக்கை ஏத்தணும் மாப்ள" என்றார்.

மேலே கூடுகிறதென்றால் ஏன் ஏற்ற வேண்டும், இறக்கத்தானே வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். வெறுமையாகத் தொடங்கும் ஸ்பிரிங் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் பல மடங்கு மாறும். ஏற்கனவே முறுக்கேறி நிற்கும் ஸ்பிரிங், அதே சுற்றுகளில், கொஞ்சம்தான் மாறும். முறுக்குச் சக்கரத்தில் ஒரு பல், குண்டை நகர்த்து, சுற்றிப் பார். இன்னொரு பல், மறுபடி. காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. அந்தி நிறுவைக்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்குகிற நேரம் அந்தக் குடைக்கம்பி முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை அசையாமல் கிடையாக நின்றது. நான் அன்று வேலை கற்றவனானேன் என்றே நினைக்கிறேன்.

தராசுக்கு வருகிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கும் வட்டத் தராசுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங், நடுவில் பல்வைத்த ஒரு கம்பி, அது சுழற்றும் சின்னப் பல்சக்கரம், அதன் முனையில் முள். சாக்கைக் கொக்கியில் மாட்டினால் ஸ்பிரிங் நீளும், பல்கம்பி இறங்கும், முள் சுற்றும். இவ்வளவுதான். நான் தொழிலுக்கு வந்தபோது ராத்தல் முகம், பிறகு கிலோ முகம். முள் நிற்கும் இடத்தில்தான் ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு முழுநாள் கூலியான முழுப்பேரா, பாதிக் கூலியான அரைப்பேரா என்பது நிற்கிறது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகு பல தோட்டங்களில் கிலோக் கணக்கு இன்னும் இறுகியது.

எல்லாரும் பூச்சியத்தைத்தான் பார்ப்பார்கள். முள் பூச்சியத்தில் நின்றால் தராசு சரி என்று நினைப்பு. பூச்சியத்தைச் சரிசெய்ய மேலே ஒரு திருகாணி இருக்கிறது, குழந்தையும் திருகலாம். ஸ்பிரிங் நேர்மையாக இருக்கிறதா என்று அந்தத் திருகாணி சொல்லாது. பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்துத் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு நூற்றில் நாலு பங்கு குறையும், முள் கூடக் காட்டும். அப்படிக் கூடக் காட்டுகிற தராசு உடனே கடைக்கு வந்துவிடும். குறைத்துக் காட்டுகிறவை எளிதில் வருவதில்லை.

எண்பதுகளில் ஒரு தராசு சுத்தம் பண்ண வந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றியதும் கை நின்றது. மேல் கொக்கியின் வளைவில் பிளையர் கடித்த தடம். மில்லில் வளைத்த கொக்கிக்கு அந்தத் தடம் இருக்காது. சுற்றுகளை எண்ணினேன். இரண்டு ஸ்பிரிங்கிலும் பத்தொன்பது. அந்த அளவுத் தராசுக்கு இருபது இருக்க வேண்டும் என்று என் பெட்டியில் கிடந்த புது ஸ்பிரிங் சொன்னது. ஒரு சுற்றை வெட்டிவிட்டு மீண்டும் கொக்கி வளைத்துப் பூச்சியத்தைத் திருகிவிட்டிருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். படிக்கல் மாட்டிப் பார்த்தேன், 20 கிலோவுக்கு முள் 19இல் நின்றது. 18 கிலோ கொண்டு வந்தவளுக்கு அது 17 சொச்சம் என்று சொல்லியிருக்கும். யார் வெட்டினார்கள், எத்தனை வருடமாக அது அப்படித் தொங்கியது என்று நான் அறியேன். தராசைக் கொண்டு வந்தவர், "சுத்தம் மட்டும் பண்ணுங்க பாஸ், ஸ்பிரிங்கைத் தொட வேணாம்" என்றார். மாமா அப்போது கண் மங்கிக் கடையின் உள்ளே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, பில் புத்தகத்தில் '20 கிலோவுக்கு 19 காட்டுகிறது, இரண்டு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும்' என்று தன் கையாலேயே எழுதி, கிழித்துக் கொடுத்தார். அந்த இடத்திலிருந்து எங்களுக்கு அதன் பிறகு வேலை வரவில்லை. அந்தப் பில்லின் கார்பன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

யாரும் வெட்டாமலேயே குறையும் எடையும் உண்டு. ஸ்பிரிங் தராசு அளப்பது பூமியின் இழுப்பை. இங்கிலாந்தில் பூமி இழுக்கும் அளவுக்கு இலங்கையில் இழுப்பதில்லை, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறையும். மலை உயரத்தில் இன்னும் ஒரு சொட்டுக் குறையும். இங்கிலாந்தில் படிக்கல் வைத்துக் கோடு போட்ட தராசை அப்படியே மஸ்கெலியாவில் தொங்கவிட்டால் 20 கிலோவுக்குச் சுமார் 70 கிராம் குறைத்துக் காட்டும். ஒரு பிடிக் கொழுந்து. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எத்தனை பிடி என்று நான் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. தொங்குகிற இடத்திலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின்படி தராசுக்கு அரச முத்திரை வேண்டும். முத்திரை விழுந்த நாளுக்கும் அடுத்த முத்திரைக்கும் நடுவில் மழைக்காலம் ஒன்று இருக்கிறது, துரு ஒன்று இருக்கிறது.

உண்மையிலேயே சீராக இழுக்கும் ஸ்பிரிங்கை நான் ஒரு முறை கையில் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்டோருக்குச் சொந்தமாக ஆற்றுத் தண்ணீரில் ஓடும் டைனமோ இருந்தது. சுழலும் செப்பின் மேல் கரித்துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் பழைய ஸ்பிரிங்குகள், கரி தேயத் தேயத் தளர்ந்து, பொறி பறந்து செப்பு கறுத்துப்போகும். மெக்கானிக் கொழும்பிலிருந்து புதுப் பிடிமானம் வாங்கி வந்து, இது என்ன ஸ்பிரிங் பாஸ் என்று என்னிடம் காட்டினார். பனையோலையைச் சுருட்டி வைத்த மாதிரி ஓர் எஃகு நாடா. என் சின்னத் தராசில் மாட்டி இழுத்தேன். ஒரு சென்டிமீட்டர் இழுத்தபோது காட்டியதையே ஐந்து சென்டிமீட்டரிலும் காட்டியது. நம்பாமல் திரும்பத் திரும்ப இழுத்தேன். யோசித்தால் நியாயம்தான். சாதாரண ஸ்பிரிங்கை இழுத்தால் அதன் உடம்பு முழுவதும் மேலும் மேலும் திணறும். இந்த நாடாவில் சுருளை விட்டு நிமிர்கிற அந்தச் சிறு இடம் மட்டுமே எதிர்க்கிறது. நிமிர்ந்துவிட்ட பகுதியில் அதற்கு மேல் மாற்றமில்லை. சுருளுக்குள் இருக்கும் பகுதிக்கு முறை வரவில்லை. எவ்வளவு தூரம் இழுத்தாலும் ஒரே அளவு இடம்தான் நிமிர்ந்துகொண்டிருக்கும், ஆகவே ஒரே இழுப்பு. கூம்பும் செயினும் குடைக்கம்பியும் இல்லாமல், ஒரு நாடாவில். மாமா இதைப் பார்க்காமல் போனாரே என்று அன்று மனசு கனத்தது.

இப்போது வாட்ச் வேலை என்றால் பட்டரி மாற்றுவது. சவூதி, குவைத் போன பிள்ளைகள் கொண்டு வந்த ஆட்டோமாட்டிக் வாட்ச்சுகள் எப்போதாவது வரும். மடுவங்களுக்கும் எண் காட்டும் தராசு வந்துவிட்டது. ஸ்பிரிங் ஒழிந்தது என்றார்கள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். நடுவில் துளை போட்ட ஓர் அலுமினியக் கட்டை, அதன் மேல் ஒட்டிய மெல்லிய கம்பித் தகடு. பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது, தகடு அந்த வளைவை மின்சாரத்தில் சொல்கிறது. ஹூக் சொன்ன அதே விதி. அதுவும் ஸ்பிரிங்தான்.

இன்னும் முள் தராசு தொங்கும் மடுவங்கள் உண்டு. போன வருடம் அப்படி ஒன்றுக்கு 5 கிலோப் படிக்கல் இரண்டோடு போயிருந்தேன். அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஐம்பது தாண்டிய ஓர் அம்மா சாக்கைக் கொக்கியில் மாட்டும் முன் கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "எட்டரைக்குக் குறையாது" என்றார். முள் ஏழே முக்காலில் நின்றது. சாக்குக் கழிவு அரைக் கிலோ. கணக்கப்பிள்ளை 7 என்று எழுதினார். காலையும் மத்தியானமும் சேர்த்து 10. பதினேழு. முழுப்பேருக்கு 18.

"அண்ணே, ஒருக்கா பாருங்க" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து. சாக்கை இறக்கிவிட்டு 10 கிலோவை மெல்ல மாட்டினேன். முள் ஒன்பதே காலில் நின்றது. கையால் கீழே அழுத்திவிட்டு விட்டேன். பத்தே முக்காலில் நின்றது. ஸ்பிரிங்கில் பழுதில்லை. மேலிருந்து வந்தால் ஒரு இடம், கீழிருந்து வந்தால் ஒரு இடம் என்றால் உள்ளே ஏதோ பிடிக்கிறது. திறந்தேன். பல்கம்பியின் பற்களுக்கிடையில் கொழுந்துச் சாறும் தூசியும் இறுகிக் கறுப்பு மெழுகாக நின்றது. ஊசியால் ஒவ்வொரு பல்லாகக் கிளறி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். அரைமணி நேரம் யாரும் கலையவில்லை. படிக்கல்லை மறுபடி மாட்டினேன், எப்படி விட்டாலும் முள் பத்தில் நின்றது. அந்த அம்மாவின் சாக்கு எட்டரைக்கு ஒரு மயிரிழை மேலே.

கணக்கப்பிள்ளை 7ஐ வெட்டி 8 என்று எழுதினார். மற்றப் பெண்கள் தங்கள் சாக்குகளை மீண்டும் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள். காலையிலும் மத்தியானத்திலும் இதே முள்தான் நிறுத்தது. அந்தக் கொழுந்து எப்போதோ லொறியேறி, ஸ்டோர் மேல் தட்டில் வாடிக்கொண்டிருந்தது.